சோறு போட்ட டேபிள் மீது சில புகார்கள்

சோறு போட்ட தொழிலைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக எனக்கு வேலை டேட்டாபேஸ் நிர்வாகம். அதிலும் ‘ரிலேஷனல்’ என்று சொல்லப்படும் டேபிள் வகை டேட்டாபேஸ். தரமணியில் ஆரம்பித்து ஓ.எம்.ஆர். நெடுக அலுவலகம் மாறி மாறி, ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என மூன்றையும் கட்டி மேய்த்தவள். வீட்டுக் கடன் அடைந்தது, மகள் படித்தது எல்லாம் அவற்றின் தயவு. புதுச் சரக்கு விற்க வருகிறவர்கள் பழையதை மட்டம் தட்டுவது வழக்கம். என்னிடம் விற்க ஒன்றுமில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பேசலாம்.

பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், பழக்கம் பழையதுதான். வங்கியில் உங்கள் இருப்பு, காப்பீட்டு பாலிசி, பிள்ளையின் மதிப்பெண், ஆஸ்பத்திரி பில் இவையெல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட டேபிள்களில்தான் கிடக்கின்றன. குறுக்கே வரிகள், நெடுக்கே கட்டங்கள். ஒரு வரி என்றால் ஒரு வாடிக்கையாளர். ஒரு கட்டத்தில் அவர் ஊர், அடுத்த கட்டத்தில் போன் நம்பர். வாடிக்கையாளர்களுக்கு ஒரு டேபிள், அவர்கள் போட்ட ஆர்டர்களுக்கு இன்னொரு டேபிள், இரண்டையும் இணைக்க ஒரு வாடிக்கையாளர் எண். கேள்வி கேட்பதற்கு எஸ்க்யூஎல் என்று ஒரு மொழி. இவ்வளவுதான் சங்கதி.

இதை யோசித்தவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானி, பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. 1970 ஜூனில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அதற்கு முன்னால் ஒரு தகவலை எடுக்க வேண்டுமென்றால் அது எதற்கு அடியில் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த வழியாகப் போனால் கைக்கு எட்டும் என்பதெல்லாம் புரோகிராமருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிலவுக்கு ஆள் அனுப்பிய அப்போலோ திட்டத்தின் லட்சக்கணக்கான பாகங்களைக் கணக்கில் வைக்க ஐ.பி.எம். செய்த ஐ.எம்.எஸ். அப்படிப்பட்டதுதான். அடுக்கிய முறையை மாற்றினால் புரோகிராமையும் மாற்றி எழுத வேண்டும். காட் சொன்னது இது: எனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்வேன், எப்படித் தேடி எடுப்பது என்பது இயந்திரத்தின் பாடு. ஐ.எம்.எஸ்.ஸில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஐ.பி.எம். இதை அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரி எலிசனின் கம்பெனி முந்திக்கொண்டு 1979இல் ஆரக்கிளை விற்க ஆரம்பித்தது. காட்டுக்கு 1981இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது கிடைத்தது. எலிசனுக்குக் கிடைத்தது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் கவனிக்கச் சொல்வது காட்டின் கட்டுரை வந்த வருடத்தைத்தான். அதே 1970இல் ஐ.பி.எம். வெளியிட்ட 3330 என்ற டிஸ்க்கில் ஒரு பேக்கின் கொள்ளளவு 100 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு நிமிட 4கே வீடியோ அதில் அடங்காது. ஒரு நிறுவனத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். அதைத் தொடுகிறவர்கள் அலுவலகத்து குமாஸ்தாக்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சேமிப்பது சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு. அந்தக் கணக்குக்கு எத்தனை கட்டம் வேண்டும் என்பது முதல் நாளே தெரியும். இந்த நிலைமைக்கு ரிலேஷனல் முறையைவிட நல்ல விடை கிடையாது. என் புகார்கள் எல்லாம் இந்த நிலைமை மாறியதால் வந்தவை.

முதல் புகார், உடைத்து வைப்பது. ஒரு விஷயம் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது இந்த முறையின் கறாரான விதி. வாடிக்கையாளர் வீடு மாறினால் ஒரு வரியில் திருத்தினால் போதும், பத்து இடத்தில் தேட வேண்டாம். நல்ல விதிதான். ஆனால் நீங்கள் ஷாப்பிங் செயலியில் ‘என் ஆர்டர்’ என்று தொட்டால் திரையில் வருகிற அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது தெரியுமா? ஆர்டர் ஒரு டேபிளில். அதிலுள்ள பொருட்கள் இன்னொன்றில். பொருளின் பெயரும் படமும் மூன்றாவதில். முகவரி, பணம் கட்டிய விவரம், கூரியர் எங்கே இருக்கிறது என்பது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. எழுதும்போது உடை, வாசிக்கும்போது ஒட்டு. ஒட்டும் வேலைக்கு ‘ஜாயின்’ என்று பெயர். ஒருவர் கேட்டால் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். தீபாவளி விற்பனையன்று லட்சம் பேர் ஒரே சமயத்தில் கேட்டால் சர்வர் மூச்சு வாங்கும்.

போதாததற்கு இன்றைய புரோகிராமர்கள் பலர் எஸ்க்யூஎல்லைக் கையால் எழுதுவதில்லை. நடுவில் ஒரு மென்பொருள் அவர்களுக்காக எழுதிக் கொடுக்கிறது. ஐம்பது ஆர்டர்களைக் காட்ட அது முதலில் பட்டியலை ஒரு தடவை கேட்கும். பிறகு ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்கும். ஒரு கேள்வியில் முடிய வேண்டியது ஐம்பத்தொன்றாகிறது. செயலி மெதுவாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டால் நான் முதலில் லாகைத் திறந்து இதைத்தான் தேடுவேன். அநேகமாக இருக்கும்.

இந்த ஒட்டுவேலை உண்மையில் எவ்வளவு தேவைப்படுகிறது என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது அமேசான். 2004 கடைசியில், பண்டிகைக் கால விற்பனை உச்சத்தில் இருந்தபோது அவர்கள் தளம் தடுமாறியது. காரணம் தேடியபோது, பெரிய வணிக டேட்டாபேஸ் ஒன்றை அதன் எல்லைக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. உள்ளே என்ன கேள்விகள் ஓடுகின்றன என்று பார்த்தார்கள். சுமார் 70 சதவிகிதம், ஒரே ஒரு எண்ணைக் கொடுத்து ஒரே ஒரு வரியைக் கேட்பவை. இன்னும் 20 சதவிகிதம், பல வரிகளைக் கேட்டாலும் ஒரே டேபிளோடு முடிந்துவிடுபவை. ஆக, எந்த வித்தைக்காக அவ்வளவு பணம் கொடுத்து அந்த டேட்டாபேஸை வைத்திருந்தார்களோ, அந்த ஜாயின் பத்தில் ஒரு பங்குக்குத்தான் வேண்டியிருந்தது.

அதிலிருந்து பிறந்தது டைனமோ. 2007இல் அதைப் பற்றி அவர்கள் வெளியிட்ட கட்டுரையை எங்கள் தொழிலில் வாசிக்காதவர்கள் குறைவு. எழுதியவர்கள் பட்டியலில் சுவாமிநாதன் சிவசுப்பிரமணியன், அவினாஷ் லக்ஷ்மண் என்ற பெயர்களும் உண்டு. அதில் எனக்குப் பிடித்த இடம் ஷாப்பிங் கார்ட். வாடிக்கையாளர் ஒரு பொருளைக் கூடையில் போடும்போது ‘இப்போது முடியாது’ என்று சொல்லவே கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம். சர்வர்களுக்குள் தொடர்பு அறுந்திருந்தாலும் கிடைத்த சர்வரில் எழுதிவிடு. பிறகு இரண்டு கூடைகள் இருப்பது தெரிந்தால் இரண்டையும் சேர்த்துவிடு. இதனால் ஒரு விநோதம் நடக்கும்: நீங்கள் வேண்டாம் என்று எடுத்துப் போட்ட பொருள் சில சமயம் கூடைக்குத் திரும்ப வந்துவிடும். அது தெரிந்தேதான் செய்தார்கள். போட்ட பொருள் காணாமல் போனால் விற்பனை நஷ்டம். நீக்கிய பொருள் திரும்ப வந்தால் வாடிக்கையாளர் இன்னொரு தடவை நீக்கிக்கொள்வார். டேபிள்காரர்களான எங்களுக்கு முதலில் இது அபச்சாரமாகத் தோன்றியது. யோசித்தால் கடைக்காரனின் நியாயம் புரிகிறது. 2019 அக்டோபரில் அமேசான் தன் விற்பனைப் பிரிவின் கடைசி ஆரக்கிள் டேட்டாபேஸை அணைத்தபோது, மொத்தம் ஏறக்குறைய 7,500 டேட்டாபேஸ்களிலிருந்து 75 பெட்டாபைட் தகவலை வெளியே எடுத்திருந்தார்கள். அதில் ஒரு பகுதி மறுபடியும் டேபிள் வகை டேட்டாபேஸுக்கே, ஆனால் தங்கள் சொந்தச் சரக்குக்கு, போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது புகார், இந்த முறை ஒற்றை இயந்திரத்தை நம்பிப் பிறந்தது. கூட்டம் அதிகமானால் பெரிய சர்வர் வாங்கு; அதுவும் போதவில்லையா, இன்னும் பெரியது வாங்கு. ஒரு கட்டத்தில் அதைவிடப் பெரியது சந்தையிலேயே இருக்காது. அப்போது தகவலைக் கூறுபோட்டுப் பல சர்வர்களில் வைக்க வேண்டும். இதற்கு ‘ஷார்டிங்’ என்று பெயர். குறிப்பெழுதும் செயலியான நோஷன் 2021இல் தன் போஸ்ட்கிரெஸை 32 சர்வர்களில் 480 கூறுகளாகப் பிரித்தது. எழுத ஒரு வரி; செய்கிறவர்களுக்கு அது பல மாத உறக்கக்கேடு. கூறுபோட்ட பிறகு ஒரு கூறிலிருக்கும் வாடிக்கையாளரையும் இன்னொரு கூறிலிருக்கும் ஆர்டரையும் டேட்டாபேஸ் ஒட்டிக் கொடுக்காது. நீங்களே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கூறு மட்டும் வீங்கினால் மறுபடி பிரிக்க வேண்டும். கூகுள் தன் விளம்பரத் தொழிலின் கணக்கை இப்படித்தான் கூறுபோட்ட மைஎஸ்க்யூஎல்லில் வைத்திருந்தது. கடைசியாக அதை மறுபடி பிரிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது என்று 2012இல் அவர்களே எழுதினார்கள். கூகுளுக்கே இரண்டு வருடம் என்றால் மற்றவர்கள் கதி என்ன?

பல இயந்திரங்கள் என்று வந்துவிட்டால் இன்னொரு சிக்கல் கூடவே வரும். கணினி விஞ்ஞானி எரிக் புரூவர் 2000இல் சொன்னதை, இரண்டு வருடம் கழித்து எம்.ஐ.டி.யில் கில்பர்ட், லிஞ்ச் இருவரும் கணித முறையில் நிரூபித்தார்கள். சர்வர்களுக்கு இடையே தொடர்பு அறுந்துவிட்டால் இரண்டில் ஒன்றுதான் முடியும். சரியான பதில் தெரியாதவரை வாயைத் திறக்க மாட்டேன் என்று இருக்கலாம். அல்லது தெரிந்த பழைய பதிலைச் சொல்லிக் கடையைத் திறந்து வைக்கலாம். டேபிள் டேட்டாபேஸ்களின் சுபாவம் முதல் வகை.

அந்தச் சுபாவத்துக்கு என்ன விலை என்பதற்கு கிட்ஹப் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. உலகத்துப் புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் தளம் அது. 2018 அக்டோபர் 21, அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான நெட்வொர்க் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை. அதில் அங்கிருந்த டேட்டா சென்டருக்கான தொடர்பு 43 நொடி அறுந்தது. முதன்மை மைஎஸ்க்யூஎல் சர்வர்கள் அங்கேதான் இருந்தன. அவை போய்விட்டன என்று கண்காணிப்பு மென்பொருள் முடிவு கட்டி, மேற்குக் கரையிலிருந்த சர்வர்களுக்கு முதன்மைப் பட்டம் சூட்டியது. அதன் வேலையை அது சரியாகத்தான் செய்தது. ஆனால் தொடர்பு அறுந்த நேரத்தில் கிழக்கில் எழுதப்பட்ட சில வரிகள் மேற்குக்கு வந்து சேரவே இல்லை. மேற்கிலோ புதிய வரிகள் ஏற ஆரம்பித்துவிட்டன. தொடர்பு திரும்பி வந்தபோது இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத தகவல். மிகவும் நெரிசலான கிளஸ்டர்களில் (சர்வர் தொகுப்புகளில்) ஒன்றில் அந்த இடைவெளிக்குள் மாட்டிக்கொண்டவை 954 பதிவுகள். வெறும் 954. மேற்கில் ஏறிய புதிய வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டால் கடையைச் சீக்கிரமே திறந்திருக்கலாம். அவர்கள் செய்யவில்லை, பேக்கப்பிலிருந்து டெராபைட் கணக்கில் மீட்டெடுத்து, இரண்டு கரைகளையும் மறுபடி ஒத்துப்போக வைத்தார்கள். சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் 43 நொடிக்கு ஒரு முழு நாள் என்பது பெரிய விலை.

மூன்றாவது புகார்தான் என் தலைமுடியை நரைக்க வைத்தது. டேபிளுக்கு என்னென்ன கட்டங்கள் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இன்றைய செயலிகளோ வாரத்துக்கு ஒரு புது வசதி விடுகின்றன. புது வசதி என்றால் புதுக் கட்டம்.

ஆன்லைனில் பரிசுப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் நடந்தது. ஆர்டர் டேபிளில் கோடிக்கணக்கான வரிகள். ‘வாழ்த்துச் செய்தி’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், “அக்கா, ஒரே ஒரு கட்டம்தானே, டெஸ்ட் சர்வர்ல ரெண்டு செகண்ட்தான் ஆச்சு” என்றான். “ராத்திரி வரைக்கும் பொறுடா” என்று சொல்லிவிட்டு நான் ஒரு மீட்டிங்குக்குப் போனேன். அவனுக்கு மேலே இருந்தவருக்கு அவசரம், செய்யச் சொல்லிவிட்டார். அதே நேரம் அக்கவுன்ட்ஸ் பிரிவில் யாரோ மத்தியானத்திலிருந்து ஒரு பெரிய ரிப்போர்ட்டை ஓடவிட்டிருந்தார்கள். அது ஆர்டர் டேபிளை வாசித்துக்கொண்டிருந்தது. கட்டம் சேர்க்கும் கட்டளைக்கு ஒரு நொடியாவது டேபிள் முழுதும் அதன் கையில் வேண்டும். ரிப்போர்ட் முடியட்டும் என்று அது காத்திருந்தது. குறுகலான தெருவில் லாரி ஒன்று குறுக்கே நின்று வழிக்குக் காத்திருந்தால் பின்னால் வரும் சைக்கிள்கூடப் போக முடியாதே, அந்த நிலைமைதான். ‘என் ஆர்டர் எங்கே?’ என்று பார்க்க வந்த வாடிக்கையாளரின் சின்னக் கேள்விகளும் அதன் பின்னால் வரிசையில் நின்றன. நான் வந்து திரையைப் பார்த்தபோது ‘வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்’, அதாவது டேபிளின் பூட்டுக்காகக் காத்திருக்கிறது, என்று பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. கட்டம் சேர்க்கும் கட்டளையைக் கொன்றேன். ரிப்போர்ட் அதுபாட்டுக்கு ஓடியது. மற்ற எல்லாக் கேள்விகளும் அடுத்த நொடியே கரைந்தன. தம்பி முகத்தில் ஈயாடவில்லை. அவன்மேல் தப்பில்லை. இரண்டு நொடி வேலை என்று அவன் சொன்னதும் உண்மை. அந்த இரண்டு நொடியை வாங்கக் காத்திருந்த நேரம்தான் கடையை நிறுத்தியது.

புதிய பதிப்புகளில் இது எவ்வளவோ தேவலாம். மைஎஸ்க்யூஎல் 8, போஸ்ட்கிரெஸ் 11 காலத்திலிருந்து பல சமயங்களில் டேபிளைத் திரும்ப எழுதாமலே கட்டம் சேர்க்கலாம். ஆனாலும் அந்த ஒரு நொடி பூட்டு வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே கருவி செய்துகொண்டன. மேலே சொன்ன கிட்ஹப் 2016இல் வெளியிட்ட கோஸ்ட் என்ற கருவி, பக்கத்திலேயே ஆவிபோல இன்னொரு டேபிளை உருவாக்கி, பழையதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகலெடுத்து, கடைசியில் சத்தமில்லாமல் இரண்டையும் மாற்றி வைக்கும். ஒரு கட்டம் சேர்க்க இத்தனை சடங்கு.

கட்டத்தின் அளவையும் முன்பே சொல்லியாக வேண்டும். பேஸ்கேம்ப் என்ற அலுவலகச் செயலி, 2018 நவம்பர் 8 அன்று ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ‘பார்க்கலாம், எழுத முடியாது’ என்ற நிலையில் நின்றது. நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் டேபிளில் வரி எண்ணுக்கு அவர்கள் ஒதுக்கியிருந்த கட்டத்தில் 2,147,483,647 வரைதான் எழுத முடியும். அன்று அந்த எண் வந்துவிட்டது. அடுத்த வரிக்கு எண் இல்லை. அந்தக் கம்பெனியை நடத்துபவர்களில் ஒருவர், ரெயில்ஸ் என்ற புகழ்பெற்ற மென்பொருளைப் படைத்தவர். அதில் இந்தப் பிரச்சினைக்கு முந்தைய வருடமே தீர்வு வந்திருந்தது என்பது வேடிக்கை. ஓடிக்கொண்டிருக்கிற பழைய டேபிளை அந்தத் தீர்வு தானாகப் போய் மாற்றாது.

நம்மவர்கள் பெயரும் இந்தக் கட்டங்களுக்குள் அடங்காமல் படும் பாடு உண்டு. ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்று எங்கோ ஒருவர் டேபிள் போட்டுவிடுவார். இனிஷியலோடு முடிகிற தமிழ்ப் பெயருக்கு லாஸ்ட் நேம் ஏது? ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் இனிஷியலைப் போடுவார், வெறுத்துப்போனவர் ஒரு புள்ளி வைத்துவிடுவார். நான் பார்த்த வாடிக்கையாளர் டேபிள்களில் புள்ளி என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் ஏராளம். இது வடிவமைத்தவர் குற்றமே தவிர டேட்டாபேஸின் குற்றமில்லை. ஆனால் ஒரு தடவை கட்டாயம் என்று எழுதிவிட்டால் டேபிள் அதை ஈவிரக்கமில்லாமல் நிறைவேற்றும்.

எழுத்து விஷயமும் அப்படித்தான். யுனிகோடை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் பிடிக்கும். கைகூப்பும் இமோஜிக்கு நான்கு. மைஎஸ்க்யூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் நெடுநாள் இருந்த வகை, குறியீட்டுக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. கண்டிப்பு குறைவாக அமைத்திருந்த சர்வர்களில், நான்கு பைட் குறியீடு வந்த இடத்தோடு மீதி வாக்கியத்தை அது பேசாமல் வெட்டிவிடும். ஒரு பத்திரிகையின் இணையதளத்தில் வாசகர் கடிதங்கள் பாதியில் நிற்கின்றன என்று கூப்பிட்டார்கள். வணக்கம் சொல்லிக் கைகூப்பிய வாசகர்களின் கடிதமெல்லாம் வணக்கத்தோடு முடிந்திருந்தது!

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரெஸ் தன்னோடு பேச வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி வேலையாளை எழுப்பி உட்கார வைக்கும். வாங்கியபடியே விட்டால் நூறு இணைப்புக்குத்தான் இடம். இன்றைய கிளவுட் முறையில் கூட்டம் வந்தால் செயலி நொடியில் ஆயிரம் பிரதிகளாகப் பெருகும். ஒவ்வொன்றும் டேட்டாபேஸ் கதவைத் தட்டும். நடுவில் பிஜிபவுன்சர் மாதிரி ஒரு மென்பொருளை உட்கார வைத்துச் சமாளிக்கிறோம். நண்பனின் நண்பனின் நண்பன் யார் என்பது போன்ற கேள்விகளுக்கு டேபிளைத் தன்னோடு தானே திரும்பத் திரும்ப ஒட்ட வேண்டும். நாலாவது சுற்றில் திணறும். செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் இப்போது ஒரு படத்தையோ வாக்கியத்தையோ நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றி, ‘இதற்கு நெருக்கமானது எது?’ என்று கேட்கிறார்கள். சமமா, பெரிதா, சிறிதா என்று பார்த்துப் பழகிய பழைய இன்டெக்ஸுக்கு, அதாவது டேபிளின் தேடல் அட்டவணைக்கு, ‘நெருக்கம்’ புரியாது. பிஜிவெக்டர் போன்ற ஒட்டுச் சேர்க்கைகள் வந்திருக்கின்றன; பரவாயில்லை ரகம்.

இப்படிப்பட்ட புகார்களைக் கேட்டுவிட்டு 2009 வாக்கில் ஒரு பெரிய கூட்டம் கிளம்பியது. மோங்கோடிபி, ரெடிஸ் இரண்டும் அந்த வருடத்துச் சரக்கு. ஃபேஸ்புக்கில் பிறந்த கசாண்ட்ரா அதற்கு ஒரு வருடம் மூத்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘நோஎஸ்க்யூஎல்’ என்று பெயர் விழுந்தது. கட்டம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சர்வரைக் கூட்டிக்கொண்டே போகலாம், ஜாயின் இல்லை. சரியான இடத்தில் இவை பிரமாதம். அரட்டைச் செயலியான டிஸ்கார்ட் தன் செய்திகளைக் கசாண்ட்ராவில் வைத்துக் கோடிகளைத் தாண்டிப் போனது. ஆனால் அங்கேயும் தலைவலி இல்லாமலில்லை. ஒரு சேனல் திறக்க வெகுநேரம் ஆகிறது என்று பார்த்தால் உள்ளே இருந்தது ஒரே ஒரு செய்தி. மீதி லட்சக்கணக்கானவற்றை யாரோ மென்பொருள் வைத்து நீக்கியிருந்தார்கள். கசாண்ட்ரா நீக்கியதை உடனே துடைத்துப் போடாது. நீக்கப்பட்டது என்று குறி வைத்துவிட்டுப் பிறகுதான் துடைக்கும். ஒரு செய்தியைக் காட்ட அத்தனை குறிகளையும் கடந்து வர வேண்டியிருந்தது. டிஸ்கார்ட் 2022இல் சில்லாடிபி என்ற வேறொன்றுக்கு மாறிவிட்டது.

நான் நேரில் பார்த்த கூத்து கோயம்புத்தூர்ப் பக்கம். மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம். நாளொன்றுக்குச் சில ஆயிரம் பில். ‘டேபிள் எல்லாம் பழசு’ என்று யாரோ சொல்லி, எல்லாவற்றையும் மோங்கோடிபியில் போட்டிருந்தார்கள். பில்லுக்குள்ளேயே வாடிக்கையாளர் பெயர், ஜிஎஸ்டி எண், பொருள், வரி விகிதம் எல்லாம் சேர்த்தே. பில் காட்டும் வேகம் அபாரம். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோதுதான் வினை. ஒரே வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் பழைய பில்லில் ஒன்று, புதிய பில்லில் வேறு. சிலவற்றில் அந்தக் கட்டமே இல்லை. ஒருவர் ‘வரி’ என்று பெயரிட்டிருந்தார், இன்னொருவர் ‘டேக்ஸ்’ என்று. கேட்பார் இல்லாததால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதியிருந்தார்கள். ஆடிட்டர் தலையில் கைவைத்தார். அந்த வியாபாரத்துக்கு ஒரே ஒரு சாதாரணச் சர்வரில் போஸ்ட்கிரெஸ் தாராளம். கடைசியில் அதற்குத்தான் மாற்றினோம். அமேசானின் நோய்க்கு எழுதிய மருந்தை ஜலதோஷத்துக்குச் சாப்பிட்ட கதை.

இரண்டு தரப்பும் இப்போது ஒன்றையொன்று பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டன. போஸ்ட்கிரெஸ் 2014 கடைசியில் வந்த 9.4 பதிப்பில் ஜேசன்பி என்று ஒரு கட்ட வகையைக் கொடுத்தது. அதற்குள் எந்த வடிவத்திலும் தகவலைக் கொட்டலாம், தேடவும் செய்யலாம். மோங்கோடிபி 2018இல் பல ஆவணங்களைச் சேர்த்து ‘எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது’ என்ற பழைய வாக்குறுதியைக் கொடுக்க ஆரம்பித்தது. கூகுள் தன் ஸ்பேனரில் அணுக் கடிகாரமும் ஜிபிஎஸ்ஸும் வைத்து, கண்டம் கடந்த சர்வர்களிலும் டேபிள் முறையின் ஒழுங்கைக் கொண்டுவந்தது. அதற்கு கூகுளின் பணம் வேண்டும்.

என் கணக்கு எளிது. பணம், டிக்கெட், மருந்துச் சீட்டு, மதிப்பெண் இவற்றில் ஒரு நொடி பழைய பதில்கூட ஆபத்து. ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு மன்னிப்புக் கேட்க முடியாது. இவை டேபிளில்தான் இருக்க வேண்டும். லைக் எண்ணிக்கை, யார் எப்போது வந்து பார்த்தார்கள் என்ற பதிவு, அரட்டை, சென்சார் அளவு இவை கொஞ்சம் முன்பின் இருந்தால் குடி முழுகாது. கூட்டம் தாங்க முடியாத அளவுக்கு வந்த பிறகு இவற்றை வேறிடத்துக்கு நகர்த்தலாம். வருவதற்கு முன்பு வேண்டாம்.

செயலி செய்துகொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கும் கடைக்காரர்கள், சிறுதொழில் நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எந்தத் தகவல் தப்பாகக் கூடாது, எது கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை, நாளொன்றுக்கு எத்தனை பில் என்று உங்களிடம் கேட்காமல், எடுத்த எடுப்பில் ஒரு டேட்டாபேஸின் பெயரைச் சொல்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கேட்டுவிட்டு, போஸ்ட்கிரெஸோ மைஎஸ்க்யூஎல்லோ போதும் என்று சொன்னால் நம்பலாம். இரண்டுமே காசில்லாமல் கிடைக்கின்றன. வரி எண்ணுக்குப் பெரிய கட்டமாகவே போடச் சொல்லுங்கள். லாஸ்ட் நேமைக் கட்டாயமாக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.